இரண்டாம் எண் திரை

பத்து காவான், பினாங்கு
12.2.2024

அன்புள்ள புஷ்பாவுக்கு,

நான் நலம். நீயும் உன் தையல் பட்டறைப் பெண்களும் நலந்தானே?

சீனப் பெருநாளுக்குத் தொழிற்சாலையை மூன்று நாள் மூடிவிட்டார்கள். வெளியே தெருவெல்லாம் பட்டாசுக் காகிதம் சிவப்பாகக் கிடக்கிறது. உள்ளே நானும் மெஷினும் மட்டும். போனில் கேட்டிருக்கலாம், ஆனால் போனில் நாம் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது. ஒரு சண்டையைத் தாளில் எழுதி முடிப்பதற்குள் எனக்குக் கை வலித்துவிடும். அதனால் இனிக் கடிதமே எழுதலாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். திரைக்கு ஹூக் தைக்கிற மெஷின் முக்கால்வாசி முடிந்துவிட்டது. ஒரு கிண்ணம் குலுங்கிக் குலுங்கி ஹூக்குகளை வரிசையில் நிறுத்துகிறது. கேமரா திரைச்சீலையின் கொசுவத்தைத் தேடிப் பிடிக்கிறது. ஒரு சின்ன இரும்புக் கை ஹூக்கை எடுத்துக் கொசுவத்தின் முதுகில் வைக்க, ஊசி இறங்கிப் பதினான்கு தையல் போடுகிறது. ஒரு ஹூக்குக்கு நான்கு விநாடி. பேசாமல் தைத்தாலும் உனக்கு ஒரு நிமிடம் ஆகும். பேசாமல் நீ எங்கே தைக்கப் போகிறாய்?

ஆனால் தைத்த திரையை மாட்டினால் ஒழுங்காகத் தொங்க மாட்டேன் என்கிறது. கொசுவங்கள் விறைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கின்றன. நீ தைத்தவை அப்படி நிற்காது. பத்தொன்பது வருடம் பக்கத்திலேயே இருந்தும் நீ என்ன செய்கிறாய் என்று நான் பார்த்துவைக்கவில்லை. கொஞ்சம் விளக்கமாக எழுது.

நேற்று மத்தியானம் மெஷின் பக்கத்திலேயே கண்ணயர்ந்துவிட்டேன். ஒரு கனவு. மெஷினுக்குள் திரை போய்க்கொண்டே இருக்கிறது, முடிவே இல்லை. அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் அது நம் வீட்டு ஜன்னலில் வந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. கல்யாண வாரத்தில் நான் அடித்த திரைக்கம்பி அப்படியே இருந்தது. ரசமட்டம் வைக்காமல், கண்ணால் பார்த்தே, ஒரு நூல்கூடப் பிசகாமல் அடித்த கம்பி. இந்தக் கேமராவைவிட என் கண் மேல் என்று எங்கள் முதலாளி தவுக்கேயிடம் சொன்னேன். சிரித்தார்.

“மெஷின் தைக்கட்டும், அப்புறம் வாங்க” என்று வாசலில் நின்று நீ சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. நான் மறக்கவில்லை.

உன்
ஹேமநாதன்

•

செலாசே தோட்டம், கோலா கிளாவாங்
20.2.2024

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. தபால்காரர் இராஜமாணிக்கம் மோட்டாரை நிறுத்திவிட்டு, “என்னக்கா, கையால எழுதின லெட்டர் வந்திருக்கு? கோர்ட்டுலேர்ந்து ஏதோ வந்துருச்சோன்னு பயந்துட்டேன்லா” என்றார். ஊர் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறது என்று இப்போது தெரிந்துகொண்டேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். ஹூக்கின் கீழ்ப்பகுதியில் மூன்று சுற்று இறுக்கமாகப் போடுவேன். மேலே, கழுத்துக்குக் கீழே, ஒரே ஒரு சுற்று, அதுவும் தளர்வாக. சுண்டுவிரல் நகம் நுழைகிற அளவு. ஹூக் கொஞ்சம் திரும்ப வேண்டும் அல்லவா? அதற்கு இடம் கொடுக்காவிட்டால் துணி விறைக்காமல் என்ன செய்யும்? உங்கள் ஊசி பதினான்கு தையலையும் ஒரே இறுக்கமாகப் போட்டிருக்கும். நீங்கள் எதைச் செய்தாலும் அப்படித்தான்.

இங்கே ரப்பர் மரங்கள் இலை கொட்டத் தொடங்கிவிட்டன. காலையில் மலைப்பக்கம் பனி விலகும்போது நம் பட்டறை இருக்கிற பழைய ஆயாக் கொட்டகையின் தகரக் கூரை மேல் இலை விழுகிற சத்தம் மட்டும் கேட்கும். அந்தக் காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தொட்டில் கட்டிய கொக்கிகள் உத்தரத்தில் அப்படியே இருக்கின்றனவே, அவற்றில்தான் தைத்து முடித்த திரைகளைத் தொங்கவிடுகிறோம். காற்றே இல்லாதபோதும் ஏதாவது ஒன்று மெல்ல அசைகிறது. “தூங்கி எந்திரிக்கப் போற பிள்ளைங்க மாதிரியே இருக்குலா அக்கா” என்று ஷாமினி சொன்னாள். நல்ல பெண், நன்றாகத் தைக்கிறாள், வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. நமக்கு வாய்க்காததைப் பற்றி அவளுக்குத் தெரியாது. நான் நூல் எடுப்பதுபோல உள்ளே போய்விட்டேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மெஷின் வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. சி ரூசா ஹோட்டலுக்கு இந்த முறை எண்ணூறு ஹூக். என் வலது கட்டைவிரல் மரத்துப்போய்க் கிடக்கிறது. மெஷின் வந்தால் முதலில் மாலை போடுவது நான்தான். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது மெஷின்மேல் இல்லை. “இதுல என்னா இருக்கு, யாரு தைச்சாலும் ஒன்னுதான்” என்று சொன்னீர்களே, அதன்மேல்.

கம்பி இருக்கிறது. நீங்கள் அடித்தது அடித்தபடியே இருக்கிறது.

புஷ்பவள்ளி

•

பத்து காவான்
10.3.2024

அன்புள்ள புஷ்பா,

சுண்டுவிரல் நகத்தை அளந்தேன். அரை மில்லிமீட்டர். மேல் தையலை அந்த அளவு தளர்த்தும்படி மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்தேன். முதல் திரையை மாட்டியதும் அது அப்படியே வழிந்து இறங்கியது. தவுக்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த சோற்றுப் பாக்கெட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்து பார்த்தார். நானும் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். நம் வீட்டுக்குள் வந்து நிற்பதுபோல இருந்தது.

ஏப்ரல் கடைசியில் கோலாலம்பூரில் கண்காட்சி. அது முடிந்தால் எனக்கு இங்கே குவார்ட்டர்ஸ் வீடு தருகிறார்கள். இரண்டு அறை, பின்னால் கொஞ்சம் மண்ணும் உண்டு, நீ வெண்டைக்காய் போடலாம். மெஷின் தைத்ததும் நான் வர வேண்டும் என்பதுதான் பேச்சு. ஆனால் மெஷினை விட்டு இனி நான் நகர முடியாதுபோல இருக்கிறது. நீ வா புஷ்பா. பட்டறையை ஷாமினி பார்த்துக்கொள்வாள். எனக்குத் தனியாக இருந்து போதும்.

இன்னொரு உதவி. நல்ல தையல் எப்படி இருக்கும் என்று கேமராவுக்குக் காட்ட ஆறு திரைகள் வேண்டும். கையால் தைத்தது. அனுப்புவாயா?

உன்
ஹேமா

•

செலாசே தோட்டம்
18.3.2024

அன்புள்ள உங்களுக்கு,

மூன்று நாளாகக் கடிதத்தை ஊசிப் பெட்டியில் வைத்து எடுத்து எடுத்துப் படித்தேன். “எனக்குத் தனியாக இருந்து போதும்” என்ற வரியை இரண்டு வருடத்துக்கு முன்பே எழுதியிருக்கலாம். பரவாயில்லை, எனக்கும் போதும்.

ஆறு திரைகள் அனுப்பியிருக்கிறேன். ஓரத்தில் ஒன்று முதல் ஆறுவரை எண் எழுதியிருக்கிறது. ஒரே சந்தன நிறத் துணி, ஒரே அகலம், எல்லாவற்றிலும் பதினொரு கொசுவம், பதினொரு ஹூக். ஐந்து திரைகளை ஷாமினியும் மற்ற பெண்களும் தைத்தார்கள். ஒன்று மட்டும் நான் தைத்தது.

அது எது என்று சொல்லுங்கள். சரியாகச் சொன்னால் அடுத்த நாளே பஸ் ஏறிவிடுகிறேன். யார் தைத்தாலும் ஒன்றுதான் என்றால், எனக்குப் பதில் வேறு யாரையாவது ஏற்றி அனுப்புகிறேன்.

விளையாட்டு என்று நினைக்காதீர்கள். கட்டிலுக்கு அடியில் கிடந்த பையைத் துடைத்து வெயிலில் வைத்திருக்கிறேன். அவசரமும் இல்லை. தொட்டுப் பாருங்கள், ஒரு கம்பியில் மாட்டிப் பாருங்கள், அதன் பக்கத்தில் கொஞ்சநேரம் உட்காருங்கள். உங்களுக்குத் தெரியும் என்றுதான் எனக்குப் படுகிறது.

நேற்று ஒரு கனவு. நம் ஜன்னலுக்கு வெளியே மழைக்குப் பதிலாக ஹூக்குகள் பெய்கின்றன. சத்தமே இல்லை. நீங்கள் கையை நீட்டி ஒன்றைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இது ஒன்னோடது” என்கிறீர்கள்.

புஷ்பா

•

பத்து காவான்
2.4.2024

அன்புள்ள புஷ்பா,

பையைக் கட்டு. நான்காம் எண் உன்னுடையது.

ஆறையும் மெஷினில் ஓடவிட்டோம். கேமரா ஒவ்வொரு ஹூக்கையும் அளந்து கணினித் திரையில் பச்சைப் புள்ளி வைக்கிறது. நான்காம் எண்ணில் பதினொன்றும் பச்சை. முதல் ஹூக்கும் கடைசி ஹூக்கும் ஒரே உயரம், முடி அளவும் வித்தியாசம் இல்லை. பத்தொன்பது வருடக் கை, வேறு எப்படி இருக்கும்? என் கண்ணும் அதையேதான் சொன்னது.

ஷாமினியிடம் ஒரு வார்த்தை சொல்லிவை. இரண்டாம் எண்ணை மெஷின் துப்பிவிட்டது. ஒவ்வொரு ஹூக்கும் ஒவ்வொரு உயரத்தில் இருக்கிறது, முழுக்கச் சிவப்பு. புதிதாகப் பழகுகிற யாரோ தைத்திருக்க வேண்டும். அதைக் கேமராவுக்குக் காட்ட வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டேன்.

என்றைக்கு எந்த பஸ் என்று எழுது. பட்டர்வொர்த் நிலையத்தில் நிற்கிறேன்.

உன்
ஹேமா

•

செலாசே தோட்டம்
12.4.2024

அன்புள்ள உங்களுக்கு,

நான்காம் எண் ஷாமினி தைத்தது. அவளிடம் சொன்னேன், மிகவும் சந்தோஷப்பட்டாள்.

நான் தைத்தது இரண்டாம் எண்.

கோபத்தில் எழுதவில்லை. அழுது முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். விவரத்தைச் சொல்லிவிடுகிறேன், இத்தனை வருடம் சொல்லாதது என் தப்பு.

கல்யாணமாகி வந்த முதல் தீபாவளிக்கு நம் அறைக்குப் புதுத் திரை தைத்தேன். மாட்டினால் இடது பக்கம் தரையில் இழுபட்டது. அளவு தப்பிவிட்டதோ என்று இரண்டு தரம் அளந்தேன். துணி சரி. கம்பிதான் இடது பக்கம் ஐந்து நூல், அரை அங்குலத்துக்கும் மேலே, இறங்கியிருந்தது. சொல்லலாம் என்று வந்தேன். நீங்கள் உங்கள் நண்பர் ஆறுமுகத்தைக் கூட்டிவந்து ஜன்னலுக்குக் கீழே நிறுத்தி, “பாத்தியா, மட்டமே வைக்கல, கண்ணுலயே அடிச்சேன்” என்று காட்டிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சொல்ல மனம் வரவில்லை.

திரையைக் கழற்றி ஹூக்குகளைப் பிரித்தேன். வலது ஓரத்து ஹூக் அதன் இடத்தில். அடுத்தது அரை நூல் கீழே. அதற்கடுத்தது இன்னொரு அரை நூல் கீழே. இப்படிப் பதினொன்று. ஹூக் கீழே இறங்கினால் துணி மேலே ஏறும். திரும்ப மாட்டியதும் திரை நேராக நின்றது. “நம்ம கம்பி நேரா இருக்கிறதனாலதான்” என்றீர்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தீபாவளித் திரையும் அப்படித்தான். உங்களுக்குக் கடைசியாக அனுப்பியதையும் அப்படியே தைத்தேன். உங்கள் கம்பிக்குத் தைத்ததை உங்கள் மெஷின் துப்பிவிட்டது.

ஒருநாள் சொல்லியிருந்தால் பத்து நிமிட வேலை. சொல்லாமல் நானே சரிக்கட்டிக்கொண்டு, உங்களுக்குத் தெரியவேண்டும் என்று மட்டும் காத்திருந்தேன். அதுவும் நியாயமில்லைதான். ஆனால் தொட்டுப் பாருங்கள் என்று எழுதினேனே. மாட்டிப் பாருங்கள் என்று எழுதினேனே.

பையைத் திரும்பக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

புஷ்பவள்ளி

•

நம் வீடு
4.5.2024, சனி மத்தியானம்

புஷ்பா,

நீ சரக்கோடு சி ரூசா போயிருப்பதாக ஷாமினி சொன்னாள். சாவி அதே இடத்தில்தான் இருந்தது.

மூன்று வாரம் உனக்குப் பதில் எழுதவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். கண்காட்சியில் மெஷின் நன்றாகத் தைத்தது. எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு யாரோ வேறு ஆளுக்குத் தட்டுவதுபோல இருந்தது. அதற்கு முன்பே ஒரு உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்: உன் ஆறு திரைகளில் ஒன்றைக்கூட நான் கையால் விரித்துப் பார்க்கவில்லை. பெட்டியிலிருந்து நேராக மெஷினுக்குள் போட்டேன். என் கண்ணும் அதையே சொன்னது என்று எழுதியது பொய். என் கண் பச்சைப் புள்ளியைத்தான் பார்த்தது.

இன்று வந்ததும் ரசமட்டத்தைக் கம்பிமேல் வைத்தேன். குமிழ் ஒரு பக்கமாக ஓடிப்போய் நின்றுகொண்டது. நடுவுக்கு வரவே இல்லை. கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு என்ன செய்தேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். கம்பியைக் கழற்றி, புதுத் துளை போட்டு, குமிழ் நடுவில் நிற்கிற மாதிரி அடித்தேன். இனி உனக்கு அந்த அரை நூல் வேலை இருக்கக் கூடாது என்று நினைத்தேன். கூடவே கொண்டுவந்த இரண்டாம் எண் திரையை மாட்டினேன். இடது பக்கம் தரையை விட்டுத் தூக்கிக்கொண்டு நின்றது. அலமாரியைத் திறந்து பழைய தீபாவளித் திரைகளை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன். நீலம், ரோஜாப்பூ போட்டது, அந்த வருடம் நாம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தபோது நீ தைத்த வெள்ளை. எல்லாமே அதே ஐந்து நூல். கம்பி நேரானதும் உன் பத்தொன்பது வருடமும் கோணலாகிவிட்டது.

வெகுநேரம் நின்றேன். ஜன்னல் திறந்திருந்தது, துணி என் முகத்தில் வந்து வந்து போனது. பிறகு புதுத் துளைகளைச் சிமெண்டால் அடைத்துவிட்டுப் பழைய துளைகளிலேயே கம்பியைத் திருகினேன். இரண்டாம் எண்ணையே திரும்ப மாட்டினேன். இப்போது நிமிர்ந்து பார், திரை நேராக இருக்கிறது.

மெஷினில் ஒவ்வொரு ஹூக்கின் உயரத்தையும் தனித்தனியாக மாற்ற ஒரு திருகு வைத்திருக்கிறேன். எதற்கு என்று தவுக்கே கேட்டார். வீடுகள் எல்லாம் நேராக இருப்பதில்லை என்றேன்.

எனக்குப் பத்து நாள் விடுப்பு. அதற்குப் பிறகு எங்கே இருப்பது என்பதை இந்த முறை நான் முடிவு செய்து எழுதப் போவதில்லை. உன்னிடம் கேட்க வந்திருக்கிறேன். என் பை வெளியே வாசலில் இருக்கிறது. உள்ளே கொண்டுவரவில்லை. இந்தக் கடிதத்தை நடுக் கொசுவத்தில் குத்தி வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போகிறேன். அடுத்த ஹோட்டல் சரக்கில் ஒரு திரையை ஷாமினி எனக்குத் தைக்கக் கொடுத்திருக்கிறாள். கீழே மூன்று சுற்று, மேலே ஒன்று தளர்வாக. ஒன்று தைத்துப் பார்த்தேன், எனக்கு ஒரு ஹூக்குக்கு ஏழு நிமிடம் ஆகிறது. பதினொன்றும் முடிகிறவரை அங்கேதான் இருப்பேன்.

ஹேமநாதன்