அக்காவின் முப்பத்தைந்து மார்க்

மார்ச் 4

சிறுநீரக மருத்துவம் படிக்க வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. அதற்குள் புதிதாகச் சேர்ந்த நான்கு பேருக்குப் பாடம் நடத்தச் சொல்லிவிட்டார் பெரிய டாக்டர். கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. ரத்தத்தில் அது கூடினால் சிறுநீரகம் தளர்கிறது என்று பொருள். ஆனால் ஒல்லியானவர்களிடம் தசையே குறைவு. சிறுநீரகம் பாதி போன பிறகும் ரிப்போர்ட்டில் எண் ஒழுங்காகத்தான் தெரியும். எண்ணைப் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள் என்று முடித்தேன். பெரிய டாக்டர் தலையாட்டினார். அது அபூர்வம். நாள் முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மார்ச் 9

அக்கா போன் செய்தாள். இரண்டு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை, வாயில் இரும்பைச் சப்பின மாதிரி ஒரு ருசி, உடம்பெல்லாம் அரிப்பு. பள்ளியில் கணக்கு டீச்சர். நிற்க முடியாமல் நாற்காலி போட்டுக்கொண்டு நடத்துகிறாளாம். வீட்டில் அவளுக்கு ஈர்க்குச்சி என்று பெயர். நான் வைத்ததுதான்.

நாளைக்கே வரச் சொன்னேன். 

மார்ச் 10

கிரியாட்டினின் 4.2. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் சுருங்கியிருக்கின்றன. பல வருடமாக நடந்திருக்கிறது. பழைய ரிப்போர்ட் ஏதாவது உண்டா என்று பெரிய டாக்டர் கேட்டார். தேடிப் பார்க்கிறேன் என்றேன். பொய். என் போனில்தான் இருக்கிறது.

மார்ச் 11

மூன்று வருடத்துக்கு முன் அக்கா அனுப்பியது. கிரியாட்டினின் 1.2, நார்மலின் விளிம்பு. சிறுநீரில் புரதம், ஒரு ப்ளஸ்; அது இருக்கவே கூடாது. எடை முப்பத்தேழு கிலோ. கீழே என் பதில்: 'எல்லாம் நார்மல். சும்மா பயப்படாதே.' வந்த நிமிடமே அனுப்பியிருக்கிறேன். என்ன அவசரம் எனக்கு? அதற்குப் பிறகு அவள் எந்த டாக்டரிடமும் போகவில்லை. தம்பியே டாக்டராக இருக்கும்போது வேறு எங்கே போவாள்?

ஈர்க்குச்சின்னு பேர் வெச்சவனே நான்தானே — எனக்கு ஏன் தோணல?

மார்ச் 12

அக்கா ஓ ரத்தப் பிரிவு. நான் பி. என் சிறுநீரகம் அவளுக்கு ஆகாது.

மார்ச் 15

சொல்லிவிட்டேன். பழைய மெசேஜைத் திறந்து போனை நீட்டினேன். படித்தாள். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை எப்படிக் கணக்கிடுவது, சூத்திரத்தை எழுது என்றாள். நூற்று நாற்பதில் வயதைக் கழித்து, எடையால் பெருக்கி என்று எழுதிக் கொடுத்தேன். மூன்று வருடத்துக்கு முந்தைய தன் சிறுநீரகத்தின் வேலைத்திறனை அவளே கணக்குப் போட்டாள். ஓர் அடித்தல்கூட இல்லை.

"நூத்துக்கு முப்பத்தஞ்சு. பாஸ் மார்க்தான்டா" என்று சிரித்தாள்.

நான் அழுதேன். அப்போதே தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டாள். மாத்திரை கொடுத்து, உப்பைக் குறைத்து, டயாலிசிஸைச் சில வருடமாவது தள்ளிப்போட்டிருக்கலாம் என்றேன். சிரிப்பு போய்விட்டது. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அம்மாகிட்ட சொல்லாத. அவங்க தாங்கமாட்டாங்க."

மார்ச் 18

முதல் டயாலிசிஸ். படிவத்தில் டாக்டர் இடத்தில் பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டார். உறவினர் இடத்தில் நான்.

ஜூன் 24

இன்று அக்காவின் பொட்டாசியம் ஆறைத் தாண்டியிருந்தது. இதயமே நின்றுபோகக்கூடிய அளவு. டயாலிசிஸ் நர்ஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கால் துவள்கிறது என்று காலையிலேயே பெரிய டாக்டருக்குப் போன் செய்து, தானே ஆட்டோ பிடித்து வந்திருக்கிறாள். இரண்டு நாளாக நான் அவள் வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். அவள் போன் பேசும்போது பக்கத்து அறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

மெஷினை நிறுத்திய பிறகு, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லன்னு சொல்லிடுவியோன்னு பயமா இருந்துச்சுடா."

 வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.