வண்டி இடப்பக்கம் இழுக்கிறது

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், குழந்தைக்குச் சளி விட்டதா, தலையைத் துவட்டாமல் வெளியே விடாதே. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம், இந்த முறை அதை எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் உன்னுடன் பேசும்போதெல்லாம் உங்கப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், உன்னிடம் சொல்லவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறை. இப்போது கடைக்குப் போயிருக்கிறார், நடந்துதான் போகிறார், ஏன் என்று சொல்கிறேன். நின்றுகொண்டே படிக்காதே, உட்கார்ந்து படி.

மழைக்காலம் முடிந்ததிலிருந்தே நம் ஸ்கூட்டர் இடப்பக்கம் இழுக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நேரான ரோட்டில் போனாலும் ஓரத்துக்கே போகிறதாம். முதலில் காற்றுப் பார்த்தார், சரியாக இருந்தது. டயர் ஒரு பக்கம் தேய்ந்திருக்கும் என்று முன் டயரை மாற்றினார், அப்போதும் இழுத்தது. சக்கர பேரிங்கை மாற்றினார். ஹேண்டிலுக்கு அடியில் இருக்கிற கோன் செட்டைக் கழற்றி கிரீஸ் போட்டு மாட்டினார். ஷாக் அப்சார்பரை மாற்றினார். கடையில் ரிப்பேருக்கு வந்த வாடிக்கையாளர் வண்டியெல்லாம் வரிசையில் நிற்க, இவர் நம் வண்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது. இடது கையால் பிடிக்கிற பின் பிரேக் வேறு பிடிக்கவே இல்லை என்று தினமும் அந்தக் கம்பியை இறுக்கிக்கொண்டே இருந்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஊர் வண்டியெல்லாம் நேராகப் போகிறது, உங்கள் வண்டிக்கு மட்டும் என்ன பேய் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். அதற்கு ஒரு முறை முறைத்தார் பார், சோற்றைப் போட்டுவிட்டு நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

உனக்குத்தான் தெரியுமே, ஆடுகிறது, இழுக்கிறது என்று எந்த வண்டி வந்தாலும் உங்கப்பா உடனே ஸ்பானரைத் தொடமாட்டார். முதலில் அதைத் தானே ஓட்டிப் பார்ப்பார், அப்புறம் வண்டிக்காரரை ஓட்டச் சொல்லிப் பின்னால் நின்று பார்ப்பார். வண்டிக் கோளாறா ஆள் கோளாறா என்று அதிலேயே தெரிந்துவிடும் என்பார். துணிக்கடைக்காரர் ஒருவர் வண்டி ஆடுகிறது என்று மூன்று கடை ஏறி இறங்கிவிட்டு இவரிடம் வந்தபோது, ஒரே பக்கமாகத் தொங்கவிட்டிருந்த துணி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ஓட்டுங்க என்று அனுப்பினாரே, அந்த மனிதர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார். அப்படிப்பட்ட ஆளுக்குத் தன் வண்டி என்று வரும்போது இந்த யோசனையே வரவில்லை. எப்படி வரும், அந்த வண்டியைத்தான் யாரையும் தொடவே விடமாட்டாரே. பெற்ற பெண் உனக்கே சாவியைத் தந்ததில்லை. அதனால் வேறு யாரும் ஓட்டிப் பார்க்கவே இல்லை, அதுதான் எங்கள் தலையெழுத்து.

போன மாதம் உன் மாமா வந்திருந்தான். சமையல் கேஸ் தீர்ந்துபோய் நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன், உங்கப்பா குளித்துக்கொண்டிருந்தார், உன் மாமாவின் ஸ்கூட்டரை மறித்துக்கொண்டு நம் வண்டி நின்றது, நான் அதன் சாவியையே எடுத்து அவனிடம் கொடுத்து ஓடிப்போய் சிலிண்டர் எடுத்து வா என்றேன். போய் வந்தவன் முகம் ஒரு மாதிரி இருந்தது. கேஸ் கிடங்குக்குப் பின்னால் இருக்கிற நீளமான ரோட்டில் கையை விட்டுக்கூட ஓட்டிப் பார்த்தானாம், நூல் பிடித்தது மாதிரி போகிறதாம். பின் பிரேக்கைத் தொட்டதும் சக்கரம் அப்படியே நின்று இவன் கீழே விழப் பார்த்தானாம். அவ்வளவு இறுக்கமாக வைத்திருக்கிறார். "அக்கா, வண்டியில ஒண்ணும் இல்லக்கா" என்றான். கொஞ்ச நாளாகவே அவர் இடது கால் செருப்பு மட்டும் நடக்கும்போது கழன்று கழன்று பின்னால் கிடக்கும், நான் தேய்ந்த செருப்பு என்று நினைத்துப் புதிது வாங்கிக் கொடுத்தேன். சட்டைப் பொத்தான் போட நேரமாகிறது என்று நானே கத்தியிருக்கிறேன். எல்லாம் அப்போதுதான் ஒன்றாக ஞாபகம் வந்தது.

உங்கப்பாவிடம் சொன்னதும் வீடு இரண்டுபட்டது. யாரைக் கேட்டுச் சாவியைக் கொடுத்தாய் என்று என்மேல் பாய்ந்தார், அவனுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று உன் மாமாவைத் திட்டினார். அவன் தன் ஸ்கூட்டர் சாவியை எடுத்து அவர் முன்னால் வைத்தான். நான் வேண்டாம் என்று தடுத்தேன், யார் கேட்கிறார்கள். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தார். வண்டியை நிறுத்திவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு சொன்னார், "அந்த வண்டியும் இடது பக்கந்தான் இழுக்குது." அவ்வளவுதான். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருந்தால் உனக்குத் தாங்கியிருக்காது.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா சின்ன வயதுதான், நிதானமாகப் பேசுகிறாள். நேர்கோட்டில் நடக்கச் சொன்னாள், கண்ணை மூடி இரண்டு கையையும் நீட்டச் சொன்னாள், இடது கை தானாகக் கீழே இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஸ்கேன் எடுத்தார்கள். தலைக்குள் வலப்பக்கம் ஒரு கட்டி. அது அழுத்துவதால்தான் இடது கையும் காலும் இப்படி ஆகியிருக்கிறது. எழுதிவிட்டேன், அழாதே, மீதியையும் படி. ஆபரேஷன் செய்யாமல் விட்டால் அடுத்த மழைக்காலத்துக்குள் படுக்கையில் விழுந்துவிடுவார், அதற்கு மேல் நாள் சொல்ல முடியாது என்றாள். செய்தால் என்ன என்று உங்கப்பா கேட்டார். நீங்கள் இத்தனை பேர் தலையைத் திறந்திருக்கிறீர்களே, அதில் எத்தனை பேர் பழையபடி நடந்தார்கள் என்று கடைக்காரரிடம் கேட்பதுபோல் கேட்டார். பாதிப் பேர் என்றாள். பொய் சொல்லாமல் சொன்னாளே என்று வெளியே வந்து அவளைப் புகழ்ந்தார், ஆனால் ஆபரேஷன் வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றுவிட்டார். ஒருதடவை கழற்றின எஞ்சின் கம்பெனியில் பூட்டின மாதிரி திரும்பச் சேராது, இதைத்தானே நான் இத்தனை வருஷமாக எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இப்போது என் தலையைக் கழற்றக் கொடுப்பேனா என்றார். நான் கெஞ்சினேன், சண்டை போட்டேன், சாப்பிடாமல் கிடந்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

அப்புறம் ஒருநாள் விடிந்ததும் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார், என்னையும் வா என்றார். கிடங்குக்குப் பின்னால் காலி இடத்தில் நிறுத்திவிட்டு, ஏறு, ஓட்டக் கற்றுக்கொள் என்றார். யாருக்கும் தராத சாவியை என் கையில் வைத்தார். நான் போகிற இடத்துக்கெல்லாம் நீங்கள்தானே கூட்டிப்போவீர்கள் என்றேன். நீ கற்றுக்கொண்டுவிட்டால் எனக்கு ஒரு கவலையும் இல்லை, அப்புறம் எது எப்படிப் போனால் என்ன என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார், பல் தேய்த்துவிட்டு வருகிறேன் என்பதுபோல. தான் போய்விட்டால் நான் தனியாகச் சமாளிக்க வேண்டும் என்றுதான் இந்தப் பாடமெல்லாம் என்று புரிந்தது.

இப்போது சொல்வதை நீ யாரிடமும் சொல்லாதே. நான் நாலைந்து நாளிலேயே கற்றுக்கொண்டேன். உன் அம்மாவை என்னவென்று நினைத்தாய், அந்த வண்டியில் பின்னால் உட்கார்ந்தே பாதி தெரிந்திருக்கிறது. ஆனால் கற்றுக்கொண்டதைக் காட்டவே இல்லை. கொஞ்ச தூரம் போவேன், வேண்டுமென்றே ஹேண்டிலை ஆட்டுவேன், காலை ஊன்றி நிறுத்துவேன், எனக்கு வராதுங்க என்பேன். எனக்கு வராத வரைக்கும் அவரால் நிம்மதியாக விட்டுவிட்டுப் போக முடியாதே. என் கையில் வேறு என்ன பிடி இருக்கிறது சொல். அவரும் அலுக்காமல் தினமும் கூட்டிப்போனார். இடது காலை இழுத்துக்கொண்டு என் பின்னாலேயே நடப்பார், தோளைத் தளர்த்து, இடுப்பை வளைக்காதே என்று சொல்லிக்கொண்டே வருவார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை முட்டும்.

நேற்று நிறுத்து என்றார். கிட்டே வந்து டயரை அழுத்திப் பார்த்தார், ஹேண்டிலைத் திருப்பிப் பார்த்தார். என்னையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார், "வண்டியில ஒண்ணும் இல்ல. உன் கையிலயும் ஒண்ணும் இல்ல. பயத்துல தடுமாறுறவங்க முன் சக்கரத்தையே பாப்பாங்க. நீ ஒவ்வொரு தடவையும் என்னைப் பாத்துட்டுத்தான் காலை ஊன்றே." இத்தனை வருஷம் எத்தனை பேரைப் பின்னால் நின்று பார்த்த கண், அதனிடம் என் நாடகம் எடுபடுமா. அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன், "நான் கத்துக்கிட்டா நீங்க போயிடுவீங்க, அப்புறம் எதுக்குங்க எனக்கு இது?" முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். அப்புறம் ஓட்டு என்று சொல்லிவிட்டு எனக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் என் பின்னால் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இடது கையை என் தோளில் வைத்தார், வைத்தது மாதிரியே இல்லை, அவ்வளவு பலமற்றுக் கிடந்தது. நான் ஒரு தடுமாற்றமும் இல்லாமல் வீடு வரை ஓட்டி வந்தேன். இறங்கும்போது டாக்டரிடம் நாள் கேட்டுச் சொல்லு என்றார்.

நாள் கேட்டுவிட்டேன், வருகிற மாதம் முதல் வாரம். சந்தோஷப்படுவேன் என்று நினைத்தேன், முடியவில்லை. அவர் எனக்காகத்தான் சம்மதித்திருக்கிறார் என்று தெரிகிறது. டாக்டரம்மா சொன்ன பாதியில் இல்லாமல் மறுபாதிப் பக்கம் போய்விட்டால், என்னைக் கூட மறந்து போய்விட்டால், நானே பிடித்துத் தள்ளினேன் என்றுதானே ஆகும். இந்தப் பாரத்தை நான் ஒருத்தி தூக்க முடியாது கண்ணு. லீவு கொடுக்கமாட்டார்கள் என்றால் சண்டை போட்டாவது வா, ஆபரேஷனுக்கு முன்னால் வா, அவர் உன்னை நன்றாக அடையாளம் தெரிந்து பார்க்கட்டும். வந்து அவர் முன்னால் அழாதே. எல்லாம் சரியாகிவிடும்பா என்றும் சொல்லாதே, அப்படிச் சொல்கிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. கடையைப் பற்றிக் கேள், எந்த வண்டியில் என்ன கோளாறு என்று கேள், அவர் சொல்லிக்கொண்டே இருப்பார், அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திரு. குழந்தையையும் கூட்டி வா, அவர் மடியில் விடு, இடப்பக்கம் மட்டும் விடாதே.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும், அம்மாவுக்கு வேறு வேண்டுதல் இல்லை. இன்னொன்று. இந்த முறை உன்னைக் கூட்டிவர உங்கப்பா வரமாட்டார், ஸ்டேஷன் வாசலில் தேடாதே. நான்தான் ஸ்கூட்டரில் வருவேன். பெரிய பெட்டி வேண்டாம், சின்னதாகக் கொண்டு வா.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அம்மா