கானில் ஊற்றிய பழைய பெற்றோல்

மார்ச் 5, வியாழன்
காலையில் தூறல், பிறகு நல்ல வெயில். பேத்தி துளசியின் பந்தயத் தோல் உடுப்பை முற்றத்தில் காற்றாட விட்டேன். முழங்காலில் கிழிந்த இடம் தைத்தாயிற்று. ஊசி இரண்டு முறிந்தது. போன வருடம் கால் மடித்துக் கொடுத்த உடுப்பு, இப்போது கணுக்கால் தெரிகிறது. பன்னிரண்டு வயது.

சனிக்கிழமை சின்னப் பிள்ளைகளின் மோட்டார் சைக்கிள் போட்டி. இந்தப் பருவத்தின் கடைசிச் சுற்று. போன இரண்டு சுற்றிலும் விழுந்துவிட்டாள். மகள் வசந்தி சொல்லிவிட்டாள்: "இந்த முறையும் ஓடி முடிக்காட்டில் பைக்கை விக்கிறது. அம்மா, நீங்கள் அவளுக்காகக் கதைக்க வரவேண்டாம்." ஆஸ்பத்திரி வேலையில் முறிந்த கை கால் பார்த்துப் பார்த்துப் பயந்தவள்.

செய்தது: உடுப்பு, கையுறை, சம்பல்.
மறந்தது: பிரஷர் குளிசை.

பின்னேரம் கராஜ் கூட்டினேன். போன குளிர் காலத்துக்கு முன் மருமகன் டாங்கிலிருந்து எடுத்து, கொட்டுவதற்கென்று வைத்த பெற்றோல் போத்தலில் அப்படியே. கொட்டுவதாவது! போட்டிக்குப் புதுப் பெற்றோல் வாங்கி வைத்த பிளாஸ்டிக் கானில் ஊற்றிவிட்டேன். மனம் நிறைந்தது.

யாழ்ப்பாணத்தில் சண்டையால் பெற்றோல் இல்லாத வருடங்கள். என் கணவரின் மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. கிளப்ப மட்டும் நாலு சொட்டுப் பெற்றோல். அதை ஊற்றி வைத்த மருந்துப் போத்தல் எப்போதும் என் மடியில். "துளித்துளியா விடும். சிந்திப்போடாதையும்!" என்பார். வெள்ளைப் புகை. பின்னால் நான். கோயிலுக்கும் அந்த மணத்தோடுதான்.

மார்ச் 6, வெள்ளி
மவுண்ட் ரோஸ்கில் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் இல்லை. துளசி சாப்பிடவில்லை. "ஐ ஆம் ஃபைன், அம்மம்மா." திருநீறு பூசினேன், துடைக்கவில்லை.

மார்ச் 7, சனி
காற்று. காலைப் பயிற்சி ஓட்டத்தில் துளசியின் பைக் இருமியது. இரண்டு தரம் நின்றது. மருமகன் ரமணன் பிளக்கைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். வசந்தி கை கட்டிக்கொண்டு, "சரி. பைக்கை வேனில ஏத்துங்கோ."

துளசி ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. உள்ளே அழுகை.

அந்த இருமல் எனக்குப் பழகின இருமல். கானைத் திறந்து மணந்தேன். புளித்த வார்னிஷ் மணம்.

"பழசை நான்தான் இதுக்குள்ள ஊத்தினனான்."

"மாமி! அது கொட்டுறதுக்கெல்லோ வைச்சது!"

"கொட்ட மனம் வரேல்லை, தம்பி."

வசந்தி முறைத்தாள். பிறகு, "அப்பா இருந்திருந்தால் உங்களுக்கு ஒரு வெற்றிக் கப் தந்திருப்பார்" என்றாள். வாய்க்குள் சிரிப்பு.

பக்கத்துக் கூடாரத்தில் புதுப் பெற்றோல் தந்தார்கள். ரமணன் டாங்கைக் காலியாக்கி அதை ஊற்றினார். நேரம் போய்விட்டதால் கடைசி ஆளாகப் புறப்பட்டாள். வளைவில் முழங்கால் நிலத்தைத் தொட்டது. என் தையல்! கண்ணை மூடினேன். "போ பிள்ளை, போ!" யார் இப்படிக் கத்துகிறது என்று பார்த்தால் வசந்தி.

ஆறாவது. விழவில்லை. அடுத்த பருவத்துக்கான போட்டிப் படிவத்தில் வசந்தி கையெழுத்துப் போட்டாள். என்னைப் பார்க்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு
மழை. உடுப்பைத் துடைத்தேன். தையல் ஒரு நூல் பிரியவில்லை. கால் இனி நீட்ட முடியாது, மடிப்பில் தோல் இல்லை. புதிது வாங்க வேண்டும்.

கராஜிலிருந்து ரமணன், "மாமி, இன்னும் எங்கேயும் ஒளிச்சு வைச்சிருக்கிறியளே?"

இல்லை என்றேன்.

பெயின்ற் டப்பாக்களுக்குப் பின்னால் ஒன்று இருக்கிறது. சின்னது. மருந்துப் போத்தல்.