ரேடியோவின் இடத்துக்கு நம் மகன் வேண்டாம்

இங்கே எங்கள் பேக்டரியில் பிரேக் தேய்ந்த பிரஸ் மெஷினை, ஆர்டர் அவசரம் என்று நிறுத்தாமல் ஓட்டி ஒரு மனிதனைக் கொன்றுவிட்டார்கள். அதை முதலில் எழுதிவிட்டேன். இனி, நீ நலமா? முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நன்றாகத்தான் இருக்கிறேன், பயப்படாதே.

செத்தவன் ரேடியோ. ஓயாமல் பேசுவதால் அந்தப் பெயர். எனக்கு முந்தின இடத்தில் தகடு அழுத்துவான். ஒவ்வொன்றையும் "பிடிண்ணே" என்று தள்ளுவான். நான் திரும்பாமலே கை நீட்டுவேன். இப்போது அந்த மெஷின் ஓடவில்லை. ஆனாலும் நேற்று "பிடிண்ணே" என்று தெளிவாகக் கேட்டது. கை நீட்டிவிட்டேன்.

மேஸ்திரி சிரித்தார். "என்னண்ணே, காத்துக்கிட்ட சரக்கு வாங்குறீங்களா?"

"அவனுக்கு இன்னும் யாரும் லீவு குடுக்கலப்பா" என்றேன். அவர் சிரிப்பு நின்றது.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, உங்கள் மகனை ஊரிலிருந்து வரவழைத்து ரேடியோ இடத்தில் உட்காரவைக்கலாம் என்றார், சலுகை போல. மெஷினைக் கழுவித் துடைத்திருக்கிறார்கள், பிரேக்கை மாற்றவில்லை. "பிரிச்சா ஒரு வாரம் போயிடும்" என்கிறார். மொத்த வரிசையும் அந்த ஒரு மெஷினின் வேகத்தில்தான் நகர்கிறது. அதனால் அதைத் தொடப் பயம் அவருக்கு. அதனாலேயே அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்கிறேன் நான்.

ஷிப்ட் சங்கு ஊதப்போகிறது. மேனேஜர் பிரேக்கை மாற்ற வேண்டும். அதுவரை அங்கே யாரையும் உட்காரவிட மாட்டேன். இங்கே வேலைக்கு வர மகன் கொடுத்திருக்கும் பாஸ்போர்ட்டை உன் தம்பி போய் ஏஜெண்டிடமிருந்து உடனே திரும்ப வாங்க வேண்டும். மகன் என்னைத் திட்டிக்கொண்டாவது வீட்டில் இருக்க வேண்டும். நீ காதை மூடும் கம்பளித் தொப்பி ஒன்று அனுப்ப வேண்டும். குளிருக்கு என்று வைத்துக்கொள்.