காணிப் பதிவகத்தில் தமையனாரின் கையொப்பம்

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் வேண்டாமென்று சொல்லியும் காணிப் பதிவகத்துக்குப் போனதையும், அதை எழுதத் துணிந்ததையும் தயவுசெய்து மன்னிக்கவும்.

எரிந்த நம் வீட்டுக் காணியை உங்கள் தமையனார் சென்ற தை மாதம் விற்றதாக அங்கே உறுதிப் பத்திரம் இருக்கிறது. கையொப்பம் அவருடையதே; அவர் வழமையாக வைக்கும் இரு புள்ளிகளும் கீழே உள்ளன. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில், மோதிரத்தை அடையாளம் கண்டு அவரென்று நாம் தகனம் செய்தது யாரை?

"ஆள் நேத்தும் வந்தாரே, தங்கச்சி. இண்டைக்கு நாலு மணிக்கு உங்கட வீட்டுக்கு வாறாராம்" என்றார் எழுதுவினைஞர் முனாப்.

பயத்தில் பிள்ளையுடன் பேராதனை அக்காவிடம் போகிறேன்.

இரஞ்சிதம்

பி.கு.: சோறு உங்கள் இருவருக்கும் போதும். கதவுத் திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்திருக்கிறேன். பூச்சாடியின் கீழ் வைக்கும் நம் வழக்கம் உங்கள் தமையனாருக்குத் தெரியும்.

கலவரத்தில் இழந்தவையென்று நட்டஈட்டுக்கு நாம் எழுதிக் கொடுத்தவை: வீடு ஒன்று, உறுதி ஒன்று, தமையனார் ஒருவர்.