அவிழாத மஞ்சள் நூல்

ஆடி 5, ஞாயிறு

மதியம் சாப்பிட இருந்தவர்கள்: மகளுடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டியான பேராசிரியர், அவர் மனைவி, என் வீட்டுக்காரர், மகள், நான். பேராசிரியரும் மனைவியும் போன சீசனைப் போலவே அருவியில் குளித்துவிட்டு நேரே இங்கே வந்துவிட்டார்கள்.

"தீசிஸை வாசிச்சாச்சா, சார்?" என்று கேட்டேன். அவர் கையெழுத்துப் போட்டால்தான் மகளுக்குப் பட்டம்.

"வாசிச்சிக்கிட்டே இருக்கேம்மா. இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்துங்க."

"எம்மா, சும்மா இரி," என்று மகள் காதைக் கடித்தாள்.

மங்குஸ்தான் பையை அவர் காரில் வைக்கப் போனேன். ஈரத்துண்டுகளுக்கு அடியில் அந்த ஆய்வேடு கிடந்தது. போன வருஷம் குற்றாலநாதர் சன்னதியில் வைத்து நான் கட்டிக் கொடுத்த மஞ்சள் நூல் அவிழவே இல்லை. மலையோடைத் தவளைகளைத் தேடி, அட்டை கடிக்கக் கடிக்க அலைந்தவள் என் பிள்ளை!

பழத்தைத் திருப்பி எடுத்து வந்துவிட்டேன்.

குற்றாலநாதா, அந்த முடிச்சை அவர் அவிழ்ப்பதற்குள் நான் இன்னும் எத்தனை சீசன் இலை போட வேண்டும்? சீக்கிரம் பதில் சொல்லும்.