ரெண்டு இன்ஜின் வண்டி

அப்பா,

இன்று காலை மேசையைத் துடைத்தபோது, அதன் மேல் இருந்த கிராபிக்ஸ் கார்டையும் கழற்றிச் சுத்தம் செய்தேன். பெயின்ட் பிரஷ்ஷை விட்டு விசிறி இடுக்கில் தட்டினால் தூசியோடு குங்குமமும் உதிர்கிறது. எத்தனை தடவை துடைத்தாலும் எங்கேயோ கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறது. மோந்து பார்த்தேன். சந்தன வாசனை கூட இருந்தது போலத் தோன்றியது. இவ்வளவு நாளைக்கு அது இருக்காது என்று எனக்கே தெரியும். பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதன் பிறகு ஆபீஸ் வேலை ஓடவில்லை, அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்களுக்கு ஸ்ட்ரோக் வந்தபோது நாங்கள் பயந்ததெல்லாம் கை காலைப் பற்றித்தான். கை கால் நல்லபடியாகத் தேறிவிட்டது. பேச்சும் திரும்பிவிட்டது. நீங்கள் ஓட்டிய கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏறியவர்களிடம் பேசிய அதே குரலில் அம்மாவை அதட்டவும் ஆரம்பித்துவிட்டீர்கள். டாக்டர் மட்டும் ஒரு விஷயத்தில் இறங்கி வரவே இல்லை. "கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருக்குது. மூளையில அடி. அதனால லெஃப்ட் சைடு பார்வை போயிருக்கு. இனிமே வண்டி மட்டும் எடுக்காதீங்க" என்றார்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததும் எதிரே போன பஸ்களின் போர்டையெல்லாம் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். "இதோ, செஞ்சி. அதோ, போளூரு. இவ்ளோ தூரத்துல இருக்கிறது தெரியுது, பக்கத்துல இருக்கிற லெஃப்ட் தெரியாதா? என்னா டாக்டரு இவரு!" நானும் உங்களோடு சேர்ந்து சிரித்தேன். வீட்டில் சாப்பிடும்போது தட்டின் இடது ஓரத்துப் பொரியல் அப்படியே கிடக்கும். உப்பு கம்மியா என்று அம்மா கேட்பாள். பொரியலே வைக்கவில்லையே என்று நீங்கள் சண்டைக்குப் போவீர்கள். அது எதனால் என்று அப்போது எங்கள் யாருக்கும் புரியவில்லை.

உங்கள் பஸ் முதலாளியிடம் கை கால் கதையை மட்டும் சொல்லியிருந்தீர்கள். பார்வை விஷயத்தை வாயே திறக்கவில்லை. அவரும் நல்ல மனுஷர். சித்ரா பௌர்ணமிக்கு மலை சுற்ற வரும் ஜனத்துக்கு ஸ்பெஷல் வண்டி விட டிரைவர் இல்லை, ஒடம்பு தேறிடுச்சுன்னா வர்றியா என்று போனில் கேட்டார். "வரேன் முதலாளி" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டீர்கள். சித்ரா பௌர்ணமிக்கு நம்ம ஊர் ரோடு எப்படி இருக்கும்! ரோடு எங்கே முடிகிறது, ஜனம் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாது. அத்தனை பேரும் இடது ஓரத்தில்தான் நடப்பார்கள்.

அம்மா அழுது பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். "நா டிரைவருடி. டிரைவர வூட்ல ஒக்கார வெச்சா அவன் பொணம்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். "நீயாச்சும் சொல்லு பாப்பா" என்று அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். உங்கள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல என்னால் முடியவில்லை.

எனக்குக் கேம் பைத்தியம் என்பது ஊருக்கே தெரியும். கல்யாணத்துக்குப் பார்க்க வந்தவர்களிடம்கூட நீங்கள் அதைச் சொல்லி மானத்தை வாங்கியிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். பஸ் ஓட்டும் கேம் ஒன்றை லேப்டாப்பில் ஏற்றினேன். யாரோ ஒரு புண்ணியவான் நம்ம ஊர் தனியார் பஸ்ஸையே அதில் செய்து போட்டிருந்தான். கலர் விளக்கு, காற்று ஹாரன், ரோட்டோரப் புளியமரம் எல்லாம் இருந்தது. பழைய ஸ்டியரிங்கும் பெடலும் ஒரு செட் வாங்கி மேசையில் மாட்டினேன். ஸ்டியரிங் பிடிக்கும் ஆசை வீட்டிலேயே கொஞ்சம் தணிந்தால் பௌர்ணமிக்குப் போகமாட்டீர்கள் என்று ஒரு நப்பாசை. முதல் நாள் நீங்கள் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தீர்கள். அம்மா சிரிப்பை அடக்க அடுப்படிக்கு ஓடினாள்.

ஆனால் என் லேப்டாப் ஆபீஸ் வேலைக்கு வாங்கிய ஒல்லிப்பிச்சான். அந்தப் பஸ்ஸையும் ரோட்டையும் சேர்த்து இழுக்க அதனால் முடியவில்லை. படம் நின்று நின்று வந்தது. பஸ் ஸ்டாப்பில் ஒதுக்கும்போது நிழற்குடையில் இடித்தீர்கள். ஓரமாக நின்ற லாரியில் உரசினீர்கள். "படம் நின்னு நின்னு வருது, அதான் இடிக்குது. கொற வண்டி மேல, எம் மேல இல்ல" என்றீர்கள். நியாயமாகத்தான் பட்டது. அந்தத் திணறலில் நான் ஓட்டினாலும் இடிக்கத்தான் செய்திருப்பேன்.

அதற்காகத்தான் படத்தைத் திணறாமல் ஓடவைக்கும் இந்தக் கார்டை வாங்கினேன். லேப்டாப்புக்குள் வைக்க முடியாத பெரிய கார்டு. மேசை மேல் திறந்த ஸ்டாண்டில் அது தனியாக நிற்கும். அதற்குக் கரண்ட் கொடுக்கத் தனி டப்பா, அதையும் லேப்டாப்பையும் சேர்க்க ஒரு கேபிள். கார்டிலிருந்து நேராக டிவிக்கு ஒரு ஒயர் இழுத்ததில் அம்மாவின் சீரியல் போயிற்று. இது என்ன எழவு என்று நீங்கள் கேட்டபோது, "உள்ள இருக்கிற இன்ஜின் இழுக்கலப்பா. அதான் வெளிய ஒண்ணு மாட்டியிருக்கேன்" என்றேன்.

"அப்ப ரெண்டு இன்ஜின் வண்டின்னு சொல்லு!"

புது வண்டி என்றால் பூஜை போடாமல் எடுப்பீர்களா? எலுமிச்சம்பழம் வாங்கிவரச் சொன்னீர்கள். சக்கரம் எது என்று தெரியாமல் பெடலுக்குக் கீழே வைத்து மிதித்தீர்கள். நான் போனை எடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் அம்மா கார்டின் மூன்று விசிறிக்கும் சந்தனம் தடவி, நடுவில் பெரிதாகக் குங்குமமும் வைத்துவிட்டாள். வேண்டாம் என்று நான் கத்துவதற்கும் நீங்கள் சுவிட்சைப் போடுவதற்கும் சரியாக இருந்தது. விசிறி சுற்றியதும் குங்குமம் கிளம்பி டிவி, சுவர், உங்கள் காக்கிச் சட்டை எல்லாவற்றிலும் அப்பியது. "கோயில் வண்டியாயிடுச்சு, இனிமே பிரேக் டவுனே ஆகாது" என்று நீங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. ஸ்ட்ரோக்குக்குப் பிறகு நீங்கள் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பஞ்சு வைத்துத் துடைத்து மறுபடி போட்டேன். அதிசயம்தான், கார்டு பிழைத்திருந்தது. படம் தண்ணீர் போல ஓடியது. "ஹா! சும்மா வழுக்கினு போவுது பாப்பா" என்று கியரைப் போட்டீர்கள். புளியமரங்கள் இரண்டு பக்கமும் ஓடின. எதிரே வந்த லாரிக்கு அழகாக வழிவிட்டீர்கள். உங்கள் பஸ்ஸில் பின் சீட்டில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போன காலம் எனக்கு ஞாபகம் வந்தது. அப்புறம் இடது பக்கம் போய்க்கொண்டிருந்த ஒரு பைக்கைத் தட்டினீர்கள்.

"எங்கேர்ந்து வந்தான் இவன்?"

அவன் எங்கிருந்தும் வரவில்லை. வெகு நேரமாக அங்கேதான் போய்க்கொண்டிருந்தான். மறுபடி எடுத்தீர்கள். நிழற்குடை. மறுபடி. ஓரத்து ஆட்டோ. உங்கள் நெற்றியில் வேர்த்துவிட்டது. "அந்த ரெண்டாவது இன்ஜின் ஓடுதா பாரு" என்றீர்கள்.

"ஓடுதுப்பா."

"சரியாப் பாரு."

பார்ப்பது போலக் குனிந்தேன். கேபிள் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. லேசாக இழுத்துவிட்டால் போதும், படம் அப்படியே உறைந்துபோகும். பழியெல்லாம் மிஷின் மேல் போய்விடும், நீங்கள் டிரைவராகவே எழுந்திருப்பீர்கள். சத்தியமாகச் சொல்கிறேன் அப்பா, உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் என் கை கேபிள் வரைக்கும் போனது. அப்புறம் பௌர்ணமிக்கு நீங்கள் பஸ்ஸில் ஏறுவது கண்ணுக்குள் வந்தது. கையை எடுத்துக்கொண்டு, "நல்லா ஓடுதுப்பா, ஒரு கொறையும் இல்ல" என்றேன்.

நெற்றி வேர்வையைச் சட்டைக் கையால் துடைத்தீர்கள். பிறகு, "படத்த நிறுத்து. அப்டியே நிக்கட்டும்" என்றீர்கள். நிறுத்தினேன். ஸ்டியரிங்கில் கை வைத்து, பார்வையை நேராக வைத்துக்கொண்டு கேட்டீர்கள்: "லெஃப்ட்ல என்னா இருக்குது?"

"ஒருத்தர் சைக்கிள்ல போறாரு. கேரியர்ல புல்லுக்கட்டு."

மெதுவாகத் தலையை இடது பக்கம் திருப்பினீர்கள். பார்த்தீர்கள். மறுபடி நேராக வைத்தீர்கள். மறுபடி திருப்பினீர்கள். காணாமல் போன எதையோ தேடுகிறவர் போல அதையே செய்துகொண்டிருந்தீர்கள். "நேரா பாத்தா அவன் இல்லவே இல்ல பாப்பா. இருட்டா இருந்தாக்கூடப் பரவால்ல, அங்க ஒண்ணு தெரியலன்னாவது தெரியும். இது தெரியலங்கிறதே தெரியல" என்றீர்கள். நான் உங்கள் முதுகில் கை வைத்தேன். சட்டை நனைந்திருந்தது.

போனை எடுத்துத் தரச் சொன்னீர்கள். முதலாளிக்குப் போட்டீர்கள். அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றுகொண்டாள்.

"முதலாளி, நா பௌர்ணமிக்கு வரல. ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது. எனக்கு லெஃப்ட்டு தெரியல. முன்னாடியே சொல்லியிருக்கணும். வேற ஆளப் பாத்துக்குங்க."

அவர் ஏதோ சமாதானம் சொன்னார். நீங்கள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டீர்கள். "மெதுவாப் போனாலும் தெரியாதது தெரியாதுங்களே" என்று சொல்லிவிட்டு வைத்தீர்கள். பிறகு காக்கிச் சட்டையின் பட்டனை ஒவ்வொன்றாகக் கழற்றினீர்கள். அழுதீர்கள். நாம் மூவருமே அழுதோம். சாப்பிட உட்கார்ந்தபோது நீங்களே தட்டைத் திருப்பி, அந்தப் பக்கத்துப் பொரியலைச் சாப்பிட்டீர்கள். "யாரும் என்னை எறக்கி வுடல. நானா எறங்கினேன், அது போதும்" என்று அம்மாவிடம் சொன்னீர்கள்.

கேமை நீங்கள் விடவில்லை. சாயங்காலம் என் வேலை முடிந்ததும் நான் உங்கள் இடது பக்கம் நாற்காலி போட்டு உட்காருவேன். "லெஃப்ட்ல ஆட்டோ... ஹோல்டான்... போலாம் ரைட்" என்று நான் சொல்லச் சொல்ல நீங்கள் ஓட்டுவீர்கள். என் குரல் பத்தவில்லை என்று திட்டுவீர்கள். "கண்டக்டர்னா பின் படிக்கட்டுக்குக் கேக்கணும்!" அப்படிக் கத்திக் கத்தித்தான் ஆபீஸ் மீட்டிங்கிலும் எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது, மேனேஜர் மிரளுகிறார். மழைக்காலத்தில் ஸ்ட்ரோக் இரண்டாவது தடவை வந்தது. இந்த முறை உங்களை எங்களிடம் விட்டுவைக்கவில்லை. அந்தச் சில மாதங்கள் கிடைத்ததே என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். சில நாள் தேறுகிறது, சில நாள் தேறவில்லை.

இப்போதெல்லாம் பௌர்ணமி தவறாமல் நான் மலை சுற்றப் போகிறேன் அப்பா. எனக்குத் திடீரென்று பக்தி முற்றிவிட்டது என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஊருக்கு வெளியே ஸ்பெஷல் வண்டிகள் வந்து நிற்கும் ரோட்டில், இடது ஓரமாக ஜனத்தோடு ஜனமாக நடக்கிறேன். போன மாதம் எனக்கு முன்னால் ஒரு பெண், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு போனாள். பக்கத்தில் வந்தவளோடு சிரித்துப் பேசிக்கொண்டே போனாள். பின்னால் பஸ் வரும் சத்தம் கேட்டும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டிரைவர் தன்னைப் பார்த்திருப்பார் என்று அவ்வளவு நம்பிக்கை அவளுக்கு. அந்த நம்பிக்கை பொய்த்துவிடக் கூடாது என்றுதான் ஒருவர் தன் பிழைப்பையே விட்டு இறங்கினார் என்று அவளிடம் யார் போய்ச் சொல்வது? சொல்லவும் வேண்டாம். நான் நடையை எட்டிப் போட்டு, அவளுக்கும் வண்டிகளுக்கும் நடுவில் போய்ச் சேர்ந்து நடந்தேன்.

உங்கள் பாப்பா